கயிற்றை அவிழ்க்கலாம், ஏட்டைச் சுரண்டக்கூடாது

(மேல்சித்தாமூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிடிஎஃப் கோப்புகளைக் கட்டளைவரியில் கையாளுவது எப்படி என்பது இன்றைய தலைப்பு. இதைப் பேச மேல்சித்தாமூர்தானா கிடைத்தது என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கென்னவோ இதைவிடப் பொருத்தமான ஊர் தெரியவில்லை. தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இங்கே இருக்கிறது. அந்த மடத்தில் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. எழுதியதைக் காப்பதும், படியெடுப்பதும், பிழையில்லாமல் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பதும் இந்த ஊருக்குப் புதிய செய்தி இல்லை.

இன்று நம் வீட்டுக் காகிதமெல்லாம் பிடிஎஃப் ஆகிவிட்டது. பட்டா பிடிஎஃப், வில்லங்கச் சான்று பிடிஎஃப், சாதிச் சான்று பிடிஎஃப், ஆதார் பிடிஎஃப். தாத்தா காலத்துப் பழைய அச்சுப் புத்தகத்தை யாரோ ஸ்கேன் செய்து வாட்ஸப்பில் அனுப்பினால் அதுவும் பிடிஎஃப். பிள்ளைக்குக் கல்வி உதவித்தொகை விண்ணப்பம் போடப் போனால், எல்லாச் சான்றையும் ஒரே கோப்பாக இணைத்து ஏற்றுங்கள் என்கிறார்கள். உடனே நாம் என்ன செய்கிறோம்? இணையத்தில் முதலில் கண்ணில் படுகிற ஏதோ ஒரு இலவசத் தளத்தில் பட்டாவையும் ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் ஏற்றி, இணைத்து வாங்கிக்கொள்கிறோம். அந்தத் தளம் யாருடையது, நம் ஆவணம் எந்த நாட்டுக் கணினியில் போய் உட்கார்ந்தது, எப்போது அழிப்பார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. பத்திரத்தைத் தெருவில் போகிறவர் கையில் கொடுத்து நகலெடுத்து வா என்று அனுப்புவோமா?

அந்த வேலையை நம் வீட்டுக் கணினியிலேயே, ஒரு ரூபாய் செலவில்லாமல், கோப்பு வீட்டைவிட்டு வெளியே போகாமல் செய்யலாம். அதற்கான கருவிகளைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். கருவியோடு சேர்த்து ஒரு ஒழுக்கத்தையும் சொல்லப்போகிறேன். கருவியை ஐந்து நிமிடத்தில் நிறுவிவிடலாம். ஒழுக்கம் பழக நாளாகும்.

முதலில் பிடிஎஃப் எப்படி வந்தது என்று பார்ப்போம். அடோபி நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஜான் வார்னாக், 1991-இல் கேமலாட் என்ற பெயரில் ஒரு திட்டத்தை எழுதினார். எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் அடித்தாலும் ஒரு ஆவணம் ஒரே மாதிரி தெரியவேண்டும் என்பது அதன் நோக்கம். 1993-இல் அது பிடிஎஃப் ஆக வெளிவந்தது. 2008-இல் ஐஎஸ்ஓ 32000 என்ற பன்னாட்டுத் தரமாகி, ஒரு நிறுவனத்தின் சொத்தாக இருந்தது பொதுச்சொத்தானது. நெடுங்காலச் சேமிப்புக்காக 2005-இலேயே பிடிஎஃப்/ஏ என்று தனித் தரம் வந்துவிட்டது. அந்த வகைக் கோப்பில் எழுத்துருவும் உள்ளேயே பொதிந்திருக்க வேண்டும். கடவுச்சொல் பூட்டு போடக்கூடாது. நூறு வருடம் கழித்துத் திறப்பவரிடம் நம் எழுத்துருவும் இருக்காது, நம் கடவுச்சொல்லும் இருக்காது அல்லவா?

ஆக, மாறாமல் இருப்பதற்கென்றே பிறந்தது பிடிஎஃப். அதைத் திருத்துவது என்றால் எதைத் திருத்தலாம், எதைத் திருத்த முடியாது என்று தெரிந்திருக்க வேண்டும். ஓலைச்சுவடிக் கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை அவிழ்த்தால் ஏடுகள் தனித்தனியாக வரும். வரிசை மாறியிருந்தால் சரி செய்யலாம், இரண்டு கட்டுகளை ஒன்றாக்கலாம், தலைகீழாக இருக்கும் ஏட்டைத் திருப்பலாம், நடுவில் ஒரு புதிய ஏட்டைச் செருகலாம். ஆனால் எழுத்தாணியால் கீறிய எழுத்தைச் சுரண்டி வேறு எழுத்து எழுதப் போனால் ஓலையே கெட்டுவிடும். பிடிஎஃப்பும் அப்படித்தான். பக்கங்களைச் சேர்ப்பது, பிரிப்பது, திருப்புவது, வரிசை மாற்றுவது எல்லாம் எளிது, பாதுகாப்பானது. பக்கத்துக்குள் இருக்கும் வாக்கியத்தை மாற்றுவது கடினம். ஏனென்றால் பிடிஎஃப்புக்குள் வாக்கியம் என்ற ஒன்றே பெரும்பாலும் இல்லை. இந்த எழுத்துருவின் இந்த வடிவத்தை, தாளின் இந்த இடத்தில் வை என்ற குறிப்புகள்தான் இருக்கின்றன. நம் கருவிகள் கயிறு அவிழ்த்துக் கட்டும் வேலைக்கானவை.

இனி நிறுவும் முறை. விண்டோஸ் 10, 11 கணினிகளில் பவர்ஷெல் என்ற கட்டளைவரி ஏற்கெனவே இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2006-இல் வெளியிட்டது. 2016-இல் திறந்த மூலமாக்கி லினக்ஸிலும் மேக்கிலும் ஓடவைத்தார்கள். அதற்குப் பிஎஸ்ரைட்பிடிஎஃப் என்று ஒரு மாட்யூல், அதாவது கூடுதல் கட்டளைகளின் தொகுப்பு, இருக்கிறது. போலந்துக்காரரான பிசெமிஸ்வாவ் க்விஸ் எழுதி இலவசமாகத் தந்திருக்கிறார். அதன் உள்ளே வேலை செய்வது ஐடெக்ஸ்ட் என்ற புகழ்பெற்ற நிரல்தொகுப்பு.

தொடக்கப் பட்டியலில் பவர்ஷெல் என்று தேடித் திறங்கள். இன்ஸ்டால்-மாட்யூல் பிஎஸ்ரைட்பிடிஎஃப் -ஸ்கோப் கரண்ட்யூசர் என்று தட்டுங்கள். ஆங்கில எழுத்தில்தான் தட்டவேண்டும். ஒலிப்பை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு சொற்களை விட்டுவிடாதீர்கள். எனக்கு மட்டும் நிறுவு என்று அதற்குப் பொருள். அப்படிச் சொன்னால் நிர்வாகி அனுமதி கேட்காது. முதல் முறை என்றால் நியூகெட் என்ற துணைக்கருவி வேண்டுமா என்று கேட்கும். ஒய் என்று பதில் சொல்லுங்கள். பிறகு, இந்தக் களஞ்சியத்தை நம்பலாமா என்று கேட்கும். பவர்ஷெல் கேலரி என்பது மைக்ரோசாஃப்ட் நடத்தும் பொதுக் களஞ்சியம். ஆனால் அங்கே எவரும் மாட்யூல் ஏற்றலாம். ஆகவே பெயரை ஓரெழுத்து பிசகாமல் சரிபார்த்துவிட்டு ஒய் சொல்லுங்கள். ஒத்த பெயரில் கெட்ட நிரலை வைத்து ஏமாற்றுவது உலகமெங்கும் நடக்கிறது.

பல கணினிகளில், கட்டளைகளை எழுதிவைத்த ஸ்கிரிப்ட் கோப்பை ஓட்டவே கூடாது என்று தடை இருக்கும். செட்-எக்ஸிகியூஷன்பாலிசி ரிமோட்சைன்ட் -ஸ்கோப் கரண்ட்யூசர் என்று கொடுத்தால், நாம் எழுதியது ஓடும். இணையத்திலிருந்து இறங்கியது கையொப்பம் இருந்தால்தான் ஓடும். அன்ரெஸ்ட்ரிக்டட் என்று முழுதாகத் திறந்துவிடச் சொல்லி எவராவது அறிவுரை தந்தால் கேட்காதீர்கள்.

வீட்டில் இணையம் இல்லையென்றாலும் வழி உண்டு. இணையம் உள்ள கணினியில் சேவ்-மாட்யூல் என்ற கட்டளையால் மாட்யூலை ஒரு கோப்புறையில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து, ஆவணங்கள் பகுதியில் விண்டோஸ்பவர்ஷெல் என்ற கோப்புறைக்குள் மாட்யூல்ஸ் என்ற இடத்தில் வைத்தால் போதும். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காவோ அண்ணனோ வாங்கிய பழைய மடிக்கணினி பரணில் கிடந்தால் தூசு தட்டி எடுங்கள். லினக்ஸ் போட்டால் இந்த வேலைக்கு அதுவே போதும். லினக்ஸில் ஜே பெர்கன்பில்ட் எழுதிய க்யூபிடிஎஃப் என்ற கருவியை ஒரே வரியில் நிறுவலாம். அது விண்டோஸிலும் ஓடும்.

இப்போது வேலைக்கு வருவோம். மெர்ஜ்-பிடிஎஃப் கோப்புகளை இணைக்கும். -இன்புட்ஃபைல் என்பதற்குப் பின் கோப்புகளின் பெயர்களைக் காற்புள்ளியிட்டு அடுக்குங்கள். -அவுட்புட்ஃபைல் என்பதற்குப் பின் புதிய கோப்பின் பெயர். ஸ்பிளிட்-பிடிஎஃப் பிரிக்கும், எந்தக் கோப்புறையில் போடவேண்டும், எத்தனை பக்கத்துக்கு ஒருமுறை வெட்டவேண்டும் என்று சொல்லலாம். கோப்புறையை முதலில் உருவாக்கி வையுங்கள். கன்வெர்ட்-பிடிஎஃப்டுடெக்ஸ்ட் எழுத்தை மட்டும் உருவி எடுக்கும். பக்கத்தைத் திருப்ப க்யூபிடிஎஃப்பில் ரொடேட் என்ற விருப்பம் இருக்கிறது. நான்காம் பக்கத்தை மட்டும் வலப்புறம் 90 பாகை திருப்பு என்று துல்லியமாகச் சொல்லலாம்.

பழைய புத்தகம் ஒன்றைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து இணைக்கும்போது எல்லோரும் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. கோப்புகளுக்கு 1, 2, 3 என்று பெயர் வைப்பார்கள். கட்டளை அவற்றைப் பெயர்வரிசையில் அடுக்கினால் 1-க்குப் பிறகு 10 வரும், 11 வரும், 19-க்குப் பிறகுதான் 2 வரும். கணினி அதை எண்ணாகப் பார்க்காமல் எழுத்தாகப் பார்க்கிறது. 001, 002, 003 என்று பெயர் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

புதிய பிடிஎஃப் உருவாக்க நியூ-பிடிஎஃப் என்ற கட்டளையும் இருக்கிறது. ஆனால் தமிழுக்கு அதை நம்பாதீர்கள். பிடிஎஃப்போடு பிறந்த அடிப்படை எழுத்துருக்களில் தமிழே கிடையாது. தமிழ் எழுத்துருவைப் பொதிந்தாலும், கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தும் வேலையை ஐடெக்ஸ்ட் தனியாக விற்கும் ஒரு துணைத்தொகுப்புதான் செய்கிறது. ஆகவே முகப்புப் பக்கத்தையோ பொருளடக்கத்தையோ லிப்ரே ஆபீஸில் தட்டச்சு செய்து, பிடிஎஃப்/ஏ ஆக ஏற்றுமதி செய்து, அதை முன்னால் வைத்து இணையுங்கள். புதிய ஏட்டை வெளியே எழுதிக்கொண்டுவந்து கட்டில் செருகுங்கள்.

எழுத்தை உருவி எடுப்பதில்தான் தமிழுக்குப் பெரிய சிக்கல் இருக்கிறது. கோயில் என்று திரையில் தெரியும். நகலெடுத்து ஒட்டினால் ேகாயில் என்று வரும். கொடை, ெகாைட ஆகிவிடும். யூனிகோடில் ககரம் முதலிலும் கொம்பும் காலும் பின்னாலும் சேமிக்கப்படுகின்றன. தாளில் வடிவங்கள் நிற்கும் வரிசை வேறு: கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். பிடிஎஃப்புக்குத் தெரிந்தது தாளின் வரிசை. எந்த வடிவம் எந்த எழுத்து என்ற அட்டவணை கோப்பில் சரியாக இருந்தால் நல்ல கருவி மீட்டெடுக்கும், இல்லையென்றால் குழம்பும். யூனிகோடுக்கு முந்திய பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தயாரான கோப்பென்றால் இன்னும் மோசம். அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. உருவினால் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகள் கொட்டும். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. ஆனால் அதற்கு முன் குவிந்த கோப்புகள் குவிந்தபடியே இருக்கின்றன. அவற்றை எழுத்துமாற்றியில் போட்டு, பிறகு மனிதக் கண்ணால் மெய்ப்புப் பார்த்தால்தான் தேறும்.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை இங்கே நினைக்க வேண்டும். உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைப் படமாக வைக்காமல் எழுத்தாகத் தட்டச்சு செய்தார்கள். திஸ்கி என்ற பழைய குறியீட்டு முறையில் இருந்தவற்றை யூனிகோடு வந்ததும் மாற்றினார்கள். எழுத்தாக இருந்ததால் அது முடிந்தது. 2005-இல் தொடங்கிய ஈழத்தின் நூலகம் திட்டம் வேறு வழி எடுத்தது. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகம், கிடைத்ததையெல்லாம் முதலில் ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாகக் காத்தது. இரண்டுமே வேண்டும். படம் சான்று; எழுத்து தேடுவதற்கு.

ஸ்கேன் செய்த படத்தை எழுத்தாக்க டெசராக்ட் என்ற இலவச நிரல் இருக்கிறது, தமிழும் தெரியும். அதை வைத்து இயங்கும் ஓசிஆர்மைபிடிஎஃப், படத்தைத் தொடாமல், கண்ணுக்குத் தெரியாத எழுத்துப் படலம் ஒன்றைப் பக்கத்தோடு சேர்த்துத் தரும். சென்ற நூற்றாண்டின் தெளிவான அச்சுப் புத்தகமென்றால் தேடும் அளவுக்கு நன்றாகவே வரும். ஆனால் மடத்துச் சுவடியின் புகைப்படத்தை அதனிடம் கொடுத்துப் பலனை எதிர்பார்க்காதீர்கள். சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. எகர ஏகாரத்துக்குக் கொம்பு ஒன்றுதான். ரகரமும் காலும் ஒன்றுபோல இருக்கும். எது எதுவென்று சொல்ல யாப்பும் பொருளும் தெரிந்த ஆள் வேண்டும்.

இனி மூன்று எச்சரிக்கைகள்.

ஒன்று, கையொப்பம். இ-சேவையில் பெறும் சான்றிதழ்களில் எண்முறைக் கையொப்பம் இருக்கும். அந்தக் கையொப்பம் கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் கணக்கில் வைத்துப் போடப்பட்டது. அந்தக் கோப்பை வேறொன்றோடு இணைத்தாலோ ஒரு பக்கத்தைத் திருப்பிச் சேமித்தாலோ கையொப்பம் செல்லாது. விண்ணப்பத்துக்கு இணைத்த நகலை அனுப்புங்கள். இறக்கிய மூலக் கோப்பைத் தனியே, தொடாமல் வையுங்கள்.

இரண்டு, மறைத்தல். ஆதார் எண் மேல் கறுப்புக் கட்டம் வரைந்தால் மறைந்துவிட்டது என்று நினைக்கிறோம். கட்டத்துக்குக் கீழே எண் அப்படியே இருக்கும். மேலே சொன்ன உருவி எடுக்கும் கட்டளையைக் கொடுத்தால் வெளியே வந்துவிடும். 2019 ஜனவரியில் அமெரிக்காவில் பால் மேனஃபோர்ட் என்பவரின் வழக்கில் அவருடைய வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த பிடிஎஃப்பில் இப்படித்தான் கறுப்பு அடித்திருந்தார்கள். செய்தியாளர்கள் நகலெடுத்து ஒட்டியே மறைத்ததைப் படித்துவிட்டார்கள். ஆதாருக்கு எளிய வழி, எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்புப் பிரதியை ஆதார் ஆணையத் தளத்திலேயே இறக்கிக்கொள்வது.

மூன்று, பழைய பதிப்பு. சில நிரல்கள் பிடிஎஃப்பைச் சேமிக்கும்போது பழையதை அழிக்காது. மாற்றத்தைக் கோப்பின் கடைசியில் ஒட்டிவிட்டுப் போகும். நீக்கிய பக்கம் உள்ளேயே ஒளிந்திருக்கலாம். பிறருக்குத் தரும் கோப்பு என்றால், வேண்டிய பக்கங்களை மட்டும் எடுத்துப் புதிய கோப்பாக்கித் தாருங்கள்.

இவ்வளவையும் பொத்தான் அழுத்தும் மென்பொருளில் செய்யமுடியாதா, ஏன் கட்டளை தட்டவேண்டும் என்று கேட்கலாம். செய்யலாம். ஆனால் பொத்தான் அழுத்தியதற்குச் சாட்சி இல்லை. ஆறு மாதம் கழித்து, இந்தக் கோப்பில் 37-ஆம் பக்கம் ஏன் இல்லை, யார் எடுத்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளிருக்காது. கட்டளை எழுத்தாக இருக்கிறது. அதை ஒரு ஸ்கிரிப்ட் கோப்பில் சேமித்துவிட்டால் செய்த வேலையே ஆவணமாகிவிடுகிறது. வரியின் தொடக்கத்தில் # குறியிட்டால் கணினி அந்த வரியைப் படிக்காது, அது மனிதருக்கு. எந்தப் புத்தகம், யாரிடமிருந்து வந்தது, எந்த நாளில் ஸ்கேன் செய்தது, எந்தப் பக்கம் சிதைந்திருந்தது என்று அங்கே தமிழிலேயே எழுதலாம். ஸ்டார்ட்-டிரான்ஸ்கிரிப்ட் என்று தொடங்கினால் அன்று தட்டிய கட்டளைகளையும் வந்த பதில்களையும் அதுவே எழுதிவைக்கும்.

இதுவும் நம்மிடம் இருந்த வழக்கம்தான். ஏடு எழுதியவர்கள் கடைசியில் இன்ன ஆண்டு, இன்ன மாதம், இன்னார் எழுதியது என்று குறித்துவிட்டே எழுத்தாணியை வைத்தார்கள். திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியை 1887-இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்தார். பல ஏடுகளை ஒப்பிட்டார். கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்ச் சமயக் கருத்துகளைக் கேட்டுத் தெளிந்தார். ஏட்டுக்கு ஏடு வேறுபட்ட பாடங்களைப் பொருட்படுத்திக் குறித்துக்கொண்டார். மூலத்தில் இருந்ததும் தான் செய்ததும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பதிப்பாசிரியரின் நாணயம். பிடிஎஃப் திருத்துகிறவருக்கும் அதே நாணயம் வேண்டும்.

க்யூபிடிஎஃப் இந்த நாணயத்தைத் தன் இயல்பாகவே வைத்திருக்கிறது. உள்ளே போகும் கோப்புக்கும் வெளியே வரும் கோப்புக்கும் ஒரே பெயர் கொடுத்தால் வேலை செய்ய மறுத்துவிடும். மூலத்தின் மேலேயே எழுது என்று தனியாக, வெளிப்படையாகச் சொன்னால்தான் கேட்கும். அப்படிச் சொல்லாதீர்கள். இன்னொரு பாதுகாப்பும் உண்டு. பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹாஷ் என்று கொடுத்தால் கோப்புக்கு 64 இலக்க முத்திரை ஒன்று வரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் முத்திரை முற்றிலும் மாறிவிடும். மூலக் கோப்பின் முத்திரையை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பத்து ஆண்டு கழித்து மறுபடி எடுத்து ஒப்பிட்டால், கோப்பு அன்று போலவே இருக்கிறதா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ வீட்டுப் பரண்களில் பழைய அச்சு நூல்களும் கையெழுத்து நோட்டுகளும் தோத்திரத் திரட்டுகளும் கிடக்கின்றன. கறையானுக்குத் தேதி கிடையாது. இங்கே வந்திருக்கும் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஆளுக்கு ஒரு நூல் எடுங்கள். வீட்டுப் பெரியவரிடம் கேட்டு, புத்தகத்தின் வரலாற்றை எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்த மூலத்தை ஒரு கோப்புறையில் போட்டுப் பூட்டுங்கள். திருத்தம், இணைப்பு, திருப்பல் எல்லாம் பிரதியில் செய்யுங்கள். ஸ்கிரிப்டைப் பிரதியோடு சேர்த்தே வையுங்கள். இரண்டு வெவ்வேறு வீடுகளில் ஒவ்வொரு நகல் இருக்கட்டும். கட்டளை மறந்துபோனால் கெட்-ஹெல்ப் என்று தட்டினால் அதுவே சொல்லிக்கொடுக்கும். மூலத்தைக் கெடுத்துவிட்டால் சொல்லிக்கொடுக்க எந்தக் கட்டளையும் இல்லை.